காரிமங்கலத்தில் கிழவர்களே இல்லை

அந்த வருசம் காரிமங்கலம் சந்தையில் கிழவர்களுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. கத்தரிக்காய் கிடைத்தது. கம்பு கிடைத்தது. ஈ மொய்த்த கருவாடு வேண்டிய மட்டும் கிடைத்தது. ஒரு கிழவரைப் பார்க்க ஆசைப்பட்டால் மட்டும் பஸ் ஏறித் தர்மபுரிக்குப் போக வேண்டியிருந்தது. போன கார்த்திகை வரை ஊன்றுகோலோடு திரிந்தவர்களெல்லாம் காக்கைச் சிறகு மாதிரிக் கறுத்த தலையோடு சந்தையை வளைய வந்தார்கள். முதுகு வளைந்தபடியேதான் இருந்தது. இருமலும் பழைய இருமல்தான். அதனாலென்ன? மருந்து தலையில் ஆரம்பித்துக் கீழே இறங்கும், முதுகுக்கு வந்து சேர நாளாகும் என்று விளக்கம் இருந்தது. எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது.

விளக்கம் சொல்பவர் ஆயுள்நாத சித்தர். மாட்டுச் சந்தையை ஒட்டிய புளியமரத்தடியில் புலித்தோல் விரித்து உட்கார்ந்திருந்தார். நல்ல புலிதான். மழை தூறினால் மட்டும் அதன் வரிகள் லேசாக ஓடும். சித்தருக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டிவிட்டதாகக் கேள்வி. அவரே சொன்ன கேள்வி. திப்புவின் படை இந்த வழியாகப் போனபோது நின்று மோர் ஊற்றியவராம். ஆனால் தாடியைப் பாருங்கள், ஒரு வெள்ளை மயிர் கிடையாது. கன்னத்தைப் பாருங்கள், ஒரு சுருக்கம் கிடையாது. காரணம், காயகற்ப லேகியம். வத்தல்மலை உச்சியில் எந்த ஆட்டின் வாய்க்கும் எட்டாத ஒரு மூலிகை அதில் இருக்கிறது. வத்தல்மலைக்காரர்கள் சாமை விதைக்கவும் தேன் எடுக்கவும் தினம் தினம் அந்த மலையில்தான் ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் கண்ணில் அது பட்டதே இல்லை. படாததால்தான் அதற்கு அவ்வளவு மகிமை. பாவம், அவர்கள் எல்லோரையும் போல வயதாகித்தான் செத்தார்கள்.

லேகியம் மண்சட்டியில் வரும். முதல் சட்டி நரைக்கு. இரண்டாவது சட்டி தோல் சுருக்கத்துக்கு. மூன்றாவது மூப்புக்கு. நாலாவது சட்டி சாவையே நிறுத்திவிடுமாம். அதை இதுவரை யாரும் சாப்பிட்டதில்லை. மூன்றாவது சட்டிக்கே முக்கால்வாசிச் சொத்து போய்விடுவதால் அதற்கு மேல் உயிரோடிருக்க யாருக்கும் அவசியம் நேரவில்லை போலும்.

சித்தர் காசைக் கையால் தொடமாட்டார். நெய், தேன், ஆடு இவற்றைத்தான் தட்சிணையாக ஏற்பார். அதையும் சிஷ்யன் மாதேஸ்தான் தொடுவான். சந்தை கலைவதற்குள் ஆடும் நெய்யும் எப்படியோ காசாக மாறிவிடும். அதையும் மாதேஸே தொடுவான். சித்தர் துறவி.

மல்லையன் இந்தக் கூட்டத்தில் வந்து விழுந்ததுதான் ஆச்சரியம். மல்லையன் மாட்டுத் தரகன். காரிமங்கலத்திலிருந்து அரூர் வரை அவன் பார்த்துச் சொன்னால் அதுதான் மாட்டின் வயது. வாயைத் திறப்பான், நாக்கை ஒதுக்குவான், கட்டைவிரலால் பல்லை ஒரு தடவு தடவுவான். "நாலு பல்லு. போன ஆடிக்குத்தான் ஏர்ல கட்டியிருக்காங்க," என்பான். மாட்டுக்காரன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் மல்லையன் காதில் ஏறாது. கிழட்டு மாட்டின் கொம்பைச் சீவி, விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்துப் பூசி, இளமாடு என்று தள்ளிவிடுகிற பேர்வழிகளை இருபதடி தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவான்.

தன் வயது மட்டும் அவனுக்குத் தெரியாது. தாது வருசப் பஞ்சத்தில் தாய்ப்பால் குடித்ததாகச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அதற்கு மேல் கணக்குப் போட அவனுக்கு விருப்பமில்லை. போன தை மாசம் ஒரு சந்தை நாளில், தர்மபுரிப் பக்கத்து ஆள் ஒருவன் அவன் தோளைத் தட்டி, "தாத்தா, கொஞ்சம் ஒத்துங்க," என்றான். சொன்னவனுக்கே பாதித் தலை நரைத்திருந்தது. மல்லையன் ஒதுங்கினான். அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த சந்தைக்கு ஒரு குடம் நெய்யோடு புளியமரத்தடியில் நின்றான்.

சித்தர் நாடி பிடித்தார். கண்ணை மூடினார். "உள்ள இருக்கறவன் இளவட்டம். மேல கெழவன் ஒருத்தன் ஏறி உக்காந்திருக்கான். எறக்கிடலாம்," என்றார்.

மல்லையனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மனசில் இருந்ததும் இதேதான்.

பத்தியம் கடுமை. புளி ஆகாது, மீன் ஆகாது, கள் வாடையே ஆகாது. காலையில் நெல்லிக்காய் அளவு லேகியம். தினம் தலைக்குச் சித்தர் தைலம். தலைக்குக் குளிக்கலாம், ஆனால் அரப்பு மட்டும் போடவே கூடாது. அரப்பு பட்டால் மூலிகை முறிந்துவிடும். எண்ணெய் தேய்த்தால் பிசுக்குப் போக அரப்புப் போட்டுக் குளிப்பது இந்தச் சீமையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இதை மட்டும் ஏன் வேண்டாம் என்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. சித்தர் சொன்னால் காரணம் இருக்கும். காரணம் இருந்தது.

முதல் சட்டி முடிவதற்குள் மல்லையன் தலை கறுத்தது. வயிறு நாலு நாள் பிடித்துக்கொண்டது. "கெழட்டுத்தனம் வெளியேறுது," என்றார் சித்தர். தலையணை கருமையானது. "நரை எறங்குது," என்றார் சித்தர். இதைக் கேட்டுக்கொண்டிருந்தான் காசிம். மாட்டுச் சந்தையில் மணியும் மூக்கணாங்கயிறும் விற்பவன், மல்லையனின் நெடுநாள் சிநேகிதன்.

"ஏண்ணே, நரைன்னா வெள்ளைதானே? அது எறங்கினா தலகாணி வெளுக்கணும். கறுக்குதே?"

"உனக்குப் புரியாது சாயபு. இது சித்தர் விசயம்."

"சரி, எனக்குப் புரிய வேணாம். திப்பு படைக்கு மோர் ஊத்தினாராமே. எங்க பாட்டனுக்குப் பாட்டன் அந்தப் படையிலதான் இருந்தாரு. அவருக்கு மோர் வந்து சேரவே இல்லையாம், வழிவழியா எங்க வூட்ல அது ஒரு மனத்தாங்கல்."

மல்லையனுக்கு உடம்பு உண்மையிலேயே தேறியிருந்தது. காலையில் தலை கனக்கவில்லை. கை நடுக்கம் போயிருந்தது. பசி எடுத்தது. சேலம் ஜில்லா பூராவும் கள்ளுக்கடைகளைச் சர்க்கார் இழுத்து மூடியது போன புரட்டாசியில்தான். பொழுது சாய்ந்தால் பனந்தோப்புக்கு நடந்த கால்கள் வேறு வழியில்லாமல் வீட்டுக்கு நடந்தன. கடையை மூடியது சர்க்கார். புண்ணியத்தைக் கட்டிக்கொண்டது லேகியம்.

இரண்டாவது சட்டிக்கு இரண்டு ஆடு போனது. அந்த லேகியம் கொஞ்சம் மாறியிருந்தது. முதல் சட்டி கசந்தது, இது இனித்துப் புளித்தது. பத்தியத்தில் புளி ஆகாது என்றவர் லேகியத்தில் புளி வைப்பாரா என்று மல்லையனுக்கே ஒரு சந்தேகம். சித்தரிடம் கேட்டான்.

"லேகியம் மாறல. உன் நாக்கு இளசாயிட்டுது. கொழந்தைக்கு எல்லாம் இனிப்பாத்தானே இருக்கும்?"

வயிற்றுக்கும் இந்தச் சட்டி சுகமாக இருந்தது. மல்லையன் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டான். மாட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினான். வேலி தாண்டினான். விழுந்தான். விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஆனி பிறந்ததும் சித்தர் அவனை அருகில் அழைத்தார். மூன்றாவது சட்டி தயார். தட்சிணை என்ன? மல்லையனின் செவலைக் காளை ஜோடி.

அந்த ஜோடி கன்றாக இருந்தபோது அவனே பொறுக்கி வளர்த்தது. வீட்டில் ஏர் கட்ட அதுதான் உண்டு. இன்னொரு மாடு மயிலை, அது வேலையை விட்டு வருசக்கணக்கில் ஆகிவிட்டது. செவலை போனால் ஆடியில் மழை பெய்தாலும் மேட்டுக்காடு தரிசாகத்தான் கிடக்கும். ராகியும் கிடையாது, கொள்ளும் கிடையாது. இளமையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"சாமி, ரெண்டு சட்டியோட நிறுத்திக்கறேனுங்களே?"

சித்தர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நிறுத்து. உன் இஷ்டம். ஒண்ணு மட்டும் சொல்றேன். மருந்து வயசை அழிக்கல, தள்ளித்தான் வெச்சிருக்குது. பாதியில விட்டா, தள்ளி வெச்ச வயசு பூரா ஒரே ராத்திரியில வந்து மேல விழும். போன வருசம் ஒருத்தன் விட்டான். விடியக்காலையில பாத்தா பாயில எலும்பும் கோவணமுந்தான்."

கூட்டம் "ஐயையோ" என்றது. எந்த ஊர், யார் வீடு என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. கோவணத்தைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டாரே, அப்புறம் பொய்யாக இருக்குமா?

வீட்டில் மல்லையன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். விஷயத்தைச் சொன்னான். தின்றால் மாடு போகும், நிறுத்தினால் உயிர் போகும். மனைவி சாலம்மாள் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"உடம்பு எப்புடி இருக்குதுங்க, ரெண்டாஞ் சட்டி தின்னதுலருந்து?"

"பொய் சொல்லக் கூடாது. நல்லா இருக்குது. வயிறு இரும்பாட்டம் இருக்குது."

"லேகியந்தான் காரணம்னு உறுதியாச் சொல்றீங்களா?"

"பின்ன? தின்னவனுக்குத் தெரியாதா?"

"அப்பச் சரி. தட்சிணையைக் குடுத்துடலாங்க," என்றாள்.

மல்லையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். முதல் சட்டிக்கு நெய்க்குடம் போனபோது அவள் பேசிய பேச்சு இன்னும் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஜோடி மாட்டுக்கு இப்படித் தலையாட்டுகிறாள்.

"நீங்க முன்னால போங்க. மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வெச்சு நானே ஓட்டியாறேன்," என்றாள்.

சந்தை நாள். புளியமரத்தடியில் தலைக்கு மேல் தலை. மூன்றாவது சட்டி வாங்கப்போகும் மனுசனைப் பார்க்க அரூர் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். சித்தர் மல்லையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"பாருங்க இவனை! தையில வந்தப்ப கெழவன். இப்பப் பாருங்க! என் லேகியம் ஒவ்வொரு நாளும் இவன் ரத்தத்துல ஓடுது. நாடியைப் புடிச்சாலே எனக்குத் தெரியுது!"

மல்லையன் நெஞ்சை நிமிர்த்தினான். முதுகில் எதுவோ சொடுக்கியது. அப்படியே நின்றான்.

கூட்டம் விலகியது. சாலம்மாள் வந்தாள். கையில் ஒரே கயிறு. கயிற்றின் மறுமுனையில் மயிலை. கழுத்தில் காசிம் கடை மணி, நெற்றியில் குங்குமம், கொம்பு இரண்டும் கன்னங்கரேலென்று வெயிலில் மின்னின. மல்லையனே ஒரு கணம் வேறு மாடோ என்று நினைத்துவிட்டான்.

"செவலை ஜோடின்னுதானே சாமி கேட்டாரு?" என்றான் மாதேஸ்.

"செவலைங்க ஏர் உழுது அலுத்ததுங்க. சாமிக்கு அதைக் குடுக்க மனசு வரலைங்க. இது அதைவிட இளசு. ரெண்டுக்குச் சமானம். கொம்பைப் பாருங்க."

மாதேஸ் கொம்பைப் பார்த்தான். தொழிலுக்குப் புதியவன். "நல்ல மாடுதாங்க சாமி," என்று கயிற்றுக்குக் கை நீட்டினான்.

சித்தருக்குப் பொறுக்கவில்லை. புலித்தோலை விட்டு எழுந்தார். காசையும் கன்றையும் கையால் தொடாத துறவி நேரே மயிலையிடம் போனார். இடது கை விரல் இரண்டை மூக்கில் கொடுத்துத் தலையைத் தூக்கினார். வலது கையால் நாக்கைப் பிடித்து ஓரமாக ஒதுக்கினார். கட்டைவிரல் கீழ்ப்பல் வரிசையில் ஒரு தடவு தடவியது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்.

மல்லையனின் வாய் தானாகத் திறந்துகொண்டது. அந்தப் பிடி! புலித்தோலில் நூற்றைம்பது வருசம் தவம் இருந்தாலும் அந்தப் பிடி வராது. மாட்டுச் சந்தை வெயிலில் நின்றவனுக்குத்தான் வரும்.

சித்தர் கொம்பில் விரலைத் தேய்த்து மோந்து பார்த்தார். முகம் சிவந்தது.

"ஏ பொம்பளே! வெளக்கெண்ணெயில கரியைக் கொழச்சுப் பூசிட்டு, கெழட்டு மாட்டை என் தலையிலயே கட்டப் பாக்கறியா? இந்த வேலையை எங்கிட்டயே காட்டறியா?"

"கெழடுங்களா சாமி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஊரே கேட்டுக்கிட்டு இருக்குது."

"பாக்கறதென்ன? பல்லு தேஞ்சு மொளைக் குச்சியாட்டம் நிக்குது. இன்னொரு ஆடியைத் தாண்டாது!"

"கொம்புல இருக்கறது கரியும் வெளக்கெண்ணெயுந்தானே?"

"கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்!"

சாலம்மாள் மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள். எல்லோர் வீட்டிலும் இருந்த அதே குப்பி.

"இது நீங்க எங்க வூட்டுக்காரருக்குக் குடுத்த தைலமுங்க. இதைத்தான் கொம்புல தேச்சேன். மொதச் சட்டி தின்னு இவருக்கு வயித்தைப் புடிச்சப்பவே எனக்குச் சந்தேகம். ரெண்டாஞ் சட்டியை நான் இவருக்குக் குடுக்கலைங்க. நெல்லிக்காய் அளவு, தெனம், தவிட்டோட கலந்து மயிலைக்கு வெச்சேன். இவரு நக்கித் தின்னதெல்லாம் வெல்லமும் புளியும் ராகி மாவும். எங்க அடுப்புல நான் கிண்டுனது."

குப்பியைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

"லேகியம் தின்ன மாடு கெழடுன்னு நீங்களே பல்லைப் புடிச்சுச் சொல்லிட்டீங்க. லேகியம் திங்காத மனுசன் நாடியில லேகியம் ஓடுதுன்னும் நீங்களே சொன்னீங்க. நடுவுல நிறுத்துனா ஒரே ராத்திரியில வயசு வந்து விழும்னீங்க. இவரு நிறுத்தி மாசக்கணக்காவுது. எலும்பும் கோவணமுமாவா நிக்கிறாரு?"

கூட்டம் முழுக்க மல்லையனைத் திரும்பிப் பார்த்தது. மல்லையனும் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இருந்தான்.

அப்போதும் சித்தரிடமிருந்து விளக்கம் வந்தது. "மாடு... மாடு பத்தியம் இருக்கல!"

"ஏன் சாமி," என்றான் காசிம் மணிகளுக்கு நடுவிலிருந்து, "மயிலை மீன் தின்னுச்சா, கள்ளுக் குடிச்சுதா? இந்தச் சந்தையில அதைவிடப் பத்தியக்காரன் எவன் இருக்கான், காட்டுங்க!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அப்புறம் சிரிக்காதவர் யாரென்று தெரியவில்லை. மல்லையன் மட்டும் சிரிக்கவில்லை. குப்பியை வாங்கினான். வாசனைக்குப் போட்டிருந்த ஜவ்வாதுக்குக் கீழே, இருபதடியில் அவன் மோப்பம் பிடிக்கிற அதே வாடை. தை மாசத்திலிருந்து இதைத் தலையில் சுமந்துகொண்டு மாட்டுச் சந்தையில் அடுத்தவன் மாட்டை மோந்து பார்த்திருக்கிறான்.

"சாலம்மா, அரப்பு கொண்டாந்தியா?"

"முந்தானையில இருக்குதுங்க."

மாடு தண்ணி குடிக்கும் தொட்டியண்டை மல்லையன் குனிந்தான். சாலம்மாள் தேய்த்தாள். கருந்தண்ணி வழிந்து மண்ணில் ஓடியது. தலை நிமிர்ந்தபோது பஞ்சுப் பொதி மாதிரி வெளுத்திருந்தது. அந்தத் தலையோடு, நிமிர்ந்தே நின்றான். வயது ஒன்றும் மேலே விழவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒருவர் பின் ஒருவராகத் தொட்டிக்கு வந்தார்கள். அரப்பு விற்றவளுக்கு அன்று சாயங்காலத்துக்குள் சரக்குத் தீர்ந்தது. காரிமங்கலத்துக் கிழவர்கள் எல்லோரும் பொழுது இறங்குவதற்குள் திரும்பி வந்து சேர்ந்தார்கள்.

மாதேஸைக் காணோம். ஆடு, நெய் விவகாரமெல்லாம் தொட்டறிந்தவன் அவன் ஒருவன்தான். அவனையும் காணோம், காசையும் காணோம். சித்தர் மட்டும் அகப்பட்டார். நாலு பேர் பிடித்துத் தாடியிலும் தலையிலும் அரப்பை அப்பிக் கழுவினார்கள். என்ன கழுவியும் ஒரு சொட்டுக் கறுப்பு இறங்கவில்லை. கூட்டத்துக்குத் திக்கென்றது. ஒருவேளை இவர் நிஜமாகவே...? கழுவிய கை ஒன்று கும்பிடக்கூடத் தயாராகிவிட்டது.

"வுடுங்க, நான் பாக்கறேன்," என்றான் மல்லையன்.

சித்தரின் மூக்கை இடது கையால் நிமிர்த்தினான். வாய் திறந்தது. நாக்கை ஒதுக்கினான். கட்டைவிரல் ஒரு தடவு தடவியது.

"கடைவாய்ப் பல்லு மொனை மழுங்கல. நாப்பது தாண்டாத ஆளு. சொந்த மயிருதான், சாயம் எதுவும் இல்ல," என்று தீர்ப்புச் சொன்னான். "இவங்கிட்ட இருந்ததுல இளமை ஒண்ணுதான் அசலு. கெழத்தனந்தான் பொய்யி."

கும்பிடப் போன கை சித்தரின் கழுத்தைப் பிடித்து ஊர்ச் சாவடிக்கு நடத்திப் போனது.

மல்லையன் மயிலையின் கொம்பையும் அரப்புப் போட்டுக் கழுவினான். ஆடியில் மழை பெய்தது. செவலை ஜோடி மேட்டுக்காட்டை உழுதது. மயிலை வரப்பில் நின்று பார்த்தது. பழைய தலையோடு மல்லையன் மறுபடி மாட்டுச் சந்தைக்குப் போனான். யாராவது "தாத்தா" என்றால், "என்னப்பா பேரா?" என்று திரும்பினான்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் காரிமங்கலம் அப்படி முடிய விடுகிற ஊரல்ல. ஒரு நாள் காலை மல்லையன் வீட்டு வாசலில் நாலைந்து பேர் வெறும் சட்டியோடு வந்து நின்றார்கள். தொட்டியில் தலை கழுவிய அதே ஆட்கள். முன்னால் நின்ற பச்சியப்பன் தொண்டையைச் செருமினார்.

"இந்தா சாலம்மா, அந்தச் சித்தன் திருட்டுப் பயல், அது ஆச்சு. ஆனா நீ கிண்டுன லேகியம் இருக்குதே, வெல்லமும் புளியும் போட்டு... அதைத் தின்னுதானே மல்லையன் வயிறு இரும்பாட்டம் ஆச்சு? அதுல எங்களுக்குக் கொஞ்சம் குடுக்கறது. தட்சிணை என்னான்னாலும் சொல்லு."

சாலம்மாள் அவர்களையும் சட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, மாடு வாங்கப் போனா மாட்டு வாயைத் தொறந்து பாக்கறீங்க. மருந்து வாங்க வந்தா மட்டும் உங்க வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கறீங்க. அதைக் கொஞ்ச நேரம் மூடிக்கிட்டு யோசனை பண்ணிப் பாருங்க. அதுக்குப் பத்தியம் கெடையாது."